ஈவ் ஃபேன்ஃபெஸ்ட்: ரெய்க்யவிக்குக்கு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு ஐஸ்லாந்தில் இறங்கியதும் முதல் குழப்பம் காசில்தான் வரும். விண்கலம் ஓட்டி, விண்கல் உடைத்து, ஊரை ஏமாற்றி நாம் சேர்க்கிற ஆட்டப் பணத்துக்குப் பெயர் ஐஎஸ்கே. ஐஸ்லாந்து க்ரோனாவுக்கு வங்கிகள் போடுகிற சுருக்கமும் அதே ஐஎஸ்கே. விமான நிலையத்தில் ஒரு காபிக்கு 890 என்று பில் வந்ததும், என் கணக்கில்தான் பல கோடி கிடக்கிறதே என்று ஒரு விநாடி தெம்பாக இருந்தது. அப்புறம்தான் கிட்டத்தட்ட அறுநூறு ரூபாய் என்று உறைத்தது.

இது அந்த விளையாட்டின் ரசிகர் மாநாட்டுக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கான குறிப்பு. விளையாட்டைச் செய்தது ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம். ஆட்டம் தொடங்கியது 2003 மே 6. மாநாடு தொடங்கியது 2004. ஆயிரக்கணக்கானோர் ஒரே சர்வரில், ஒரே அண்டத்தில் ஆடுகிறோம். அதனால் ஒருவன் செய்த துரோகம் எல்லாருக்கும் செய்தியாகிறது. மாநாட்டின் ருசியும் அதில்தான் இருக்கிறது. உங்கள் கப்பலைக் கொளுத்தியவர் அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருப்பார்.

முதல் வேலை: நடக்கிறதா என்று பாருங்கள்

பொங்கல் மாதிரி வருஷா வருஷம் வரும் என்று நம்பி லீவு சொல்லிவிடாதீர்கள். 2019-இல் ரெய்க்யவிக் மாநாட்டை விட்டுவிட்டு, நிறுவனமே ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்தியது. 2020-இல் கொரோனா. 2022-இல் மே மாதம், 2023-இல் செப்டம்பர், 2025-இல் மறுபடி மே. மாதமும் மாறும், இடமும் மாறும். பல ஆண்டுகள் துறைமுகத்தை ஒட்டிய ஹார்ப்பா இசையரங்கில் நடந்திருக்கிறது. லௌகர்தால்ஸ்ஹோல் என்ற விளையாட்டு அரங்கிலும் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் இருக்கும். அரங்கு எது என்று தெரியாமல் அறை போட்டால் தினமும் எதிர்க்காற்றில் நடக்க வேண்டியதுதான். அனுபவத்தில் சொல்கிறேன்.

தேதி அறிவித்ததும் நுழைவுச் சீட்டு வாங்கிவிடுங்கள். முந்திக்கொள்பவர்களுக்கு விலை குறைவு என்பது ஒரு காரணம். விசாவுக்கு அந்தச் சீட்டு வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

விசா

கனடா, இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமலே போகலாம். கிளம்பும் முன் விதி மாறியிருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனுக்குள் இருக்கிறது.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சட்டப்படி கடைசி வரம்பு பதினைந்து நாள் முன்பு. அந்தப் பதினைந்தை நம்புகிறவர் தூங்க மாட்டார். மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூனிலிருந்து), விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து லீவுக் கடிதம், போக வர டிக்கெட் முன்பதிவு, தங்கும் இடம். பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும்.

இந்தியாவிலிருந்து ஐஸ்லாந்துக்கு நேர் விமானம் கிடையாது. வழியில் எங்காவது மாறித்தான் போக வேண்டும். 'போற வழிதானே' என்று பாரிஸில் ஐந்து நாள், ரெய்க்யவிக்கில் மூன்று நாள் என்று போட்டால், விண்ணப்பம் ஐஸ்லாந்துக்குப் போகாது, பிரான்சுக்குப் போக வேண்டியிருக்கும். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

பயண நோக்கத்தை எழுதும்போது கூச்சப்பட வேண்டாம். 'கணினி விளையாட்டு மாநாட்டில் கலந்துகொள்ளப் போகிறேன், நுழைவுச் சீட்டு இணைப்பில்' என்று ஒரே வரி போதும். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்த வரியை எழுத அரை மணி நேரம் ஆனது. கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூட்டை

மே மாதம் என்றால் நமக்கு அக்னி நட்சத்திரம். அங்கே பகலில் ஐந்து முதல் பத்து டிகிரி. குளிரைவிடக் காற்றுதான் ஆளைத் தள்ளும். குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான் கொண்டுபோனது முதல் நாள் காலை ஹார்ப்பா வாசலில் மல்லாந்து, கம்பியெல்லாம் வெளியே வந்து, நேரே குப்பைத்தொட்டிக்குப் போனது. காற்றுப் புகாத மேல்சட்டை, காதை மூடும் குல்லாய், நனையாத ஷூ போதும். கண்மூடித் துணி ஒன்று அவசியம்: மே தொடக்கத்தில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் இறங்கும், ஐந்துக்கு முன்பே மறுபடி எழுந்துவிடும்.

நம்மூர் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அங்கே பொருந்தும். லேப்டாப்பின் மூன்று முள் வயர் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். ஊறுகாய்ப் பாட்டில் எடுத்துப் போவது உங்கள் இஷ்டம். சாப்பாட்டுக்கு வரும்போது அதன் அருமை தெரியும்.

இறங்கியதும்

கெஃப்ளவிக் விமான நிலையத்திலிருந்து நகரம் ஐம்பது கிலோமீட்டர். டாக்ஸி பக்கமே திரும்பாதீர்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் பேருந்து நிற்கும், முக்கால் மணி நேரத்தில் நகரத்துப் பேருந்து நிலையத்தில் விட்டுவிடும். குடிக்கிற பழக்கம் இருந்தால் பெட்டி எடுக்கும் கூடத்தில் இருக்கிற வரியில்லாக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே பாட்டிலாக வாங்குவது பெரும்பாலும் அரசுக் கடையில்தான், நம் டாஸ்மாக் போல. ஆனால் சுத்தமாக இருக்கும், ஞாயிறன்று மூடிவிடுவார்கள். இந்த நாட்டில் 1989 மார்ச் 1 வரை பீருக்கே தடை இருந்தது என்றால் இன்றைய மதுக்கடைத் தெருக்களைப் பார்க்கிறவர் நம்ப மாட்டார்.

ரொக்கம் தேவைப்படாது, பெட்டிக்கடையிலும் கார்டு எடுப்பார்கள். குழாயில் குளிர்ந்த நீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீர் முட்டை நாற்றம் அடிக்கும். பூமிக்கடியிலிருந்து வருகிற கந்தகம் அது. குளிக்க ஒன்றும் செய்யாது.

ஒரு சின்ன சந்தோஷம் சொல்கிறேன். ஈவ் ஆட்டத்தின் கடிகாரம் கிரீன்விச் நேரம். ஐஸ்லாந்தும் வருஷம் முழுக்க கிரீன்விச் நேரத்தில்தான் ஓடுகிறது. ஊரில் இருக்கும்போது ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்தரை மணி கூட்டிக் கூட்டி, நடுராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்த எனக்கு, சுவரில் தொங்குகிற கடிகாரமே ஆட்டத்தின் கடிகாரம் என்று புரிந்த கணம் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. சர்வரைத் தினமும் நிறுத்தி எழுப்புகிற நேரம் 11 மணி, நமக்கு மாலை நாலரை. அங்கே அது முற்பகல் காபி வேளை. கூடத்தில் பதினொன்று அடித்ததும் யாராவது ஒருவர் 'டவுன்டைம்!' என்று கத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள், மூன்று நாளும் அதே சிரிப்பு.

அட்டவணையை எப்படிப் பிரிப்பது

புதியவர்கள் தவறுவது இங்கேதான். கையில் அட்டவணை வந்ததும் பெரிய அரங்கில் நடக்கிற பேச்சையெல்லாம் வட்டமிட்டுக்கொள்வார்கள். தொடக்க உரை சரி, பாருங்கள். புதிய விரிவாக்கத்தின் முன்னோட்டப் படம் ஓடும்போது கூட்டம் எழுந்து கத்துவதை உள்ளே இருந்து கேட்க வேண்டும். ஹார்ப்பாவின் பெரிய அரங்கமான எல்ட்போர்க் உள்ளே முழுக்கச் சிவப்பு. இசைக்கச்சேரிக்குக் கட்டியது, வேட்டுச் சத்தத்துக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் நடப்பது பெரும்பாலும் நேரலையில் வரும், பிறகு யூடியூபிலும் கிடைக்கும். அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து வரத் தேவையில்லை.

வட்டமேசைகளுக்குப் போங்கள். சின்ன அறை, நாற்பது ஐம்பது நாற்காலி, முன்னால் ஆட்டத்தைச் செய்கிற இரண்டு மூன்று பேர். கேமரா இல்லை. சுரங்கம், வணிகம், சிறு கூட்டச் சண்டை, புதிய ஆட்டக்காரர்கள் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒன்று. முன்பதிவு இல்லை என்றால் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுங்கள். கதவு மூடினால் மூடியதுதான்.

நான் போன ஒன்று புதியவர்களைப் பற்றியது. இருபது வருஷமாக ஆடுகிற பெரியவர்கள் முக்கால் அறையை நிரப்பி, 'புதியவர்களுக்கு என்ன வேண்டும்' என்று புதியவர்கள் சார்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஆட்டத்தில் ஏழு மாதம். வாயைத் திறக்கக் கால்மணி நேரம் பிடித்தது. கடைசியில் சொன்னேன்: பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பாதுகாப்புப் பொத்தான் இருக்கிறதே, அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துச் சிவப்பில் வைத்தேன், பக்கத்தில் போன ஒருவரைத் தெரியாமல் சுட்டேன், காவல்படை வந்து என் கப்பலைப் பொடியாக்கியது, அது தண்டனை என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. அறை கொல்லென்று சிரித்தது. முன்னால் இருந்த பெண் சிரிக்கவில்லை. 'அந்தப் பொத்தான் திரையில் எங்கே இருந்தது? அப்போது அதன் மேல் என்ன எழுதியிருந்தது?' என்று கேட்டுக் கேட்டு நோட்டில் ஒரு படம் வரைந்துகொண்டார். அந்த நோட்டுக்காகவே போகலாம். பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குத் தாங்கள் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது மறந்துபோயிருக்கும். உங்களுக்கு நினைவிருக்கிறது. அதனால் 'நான் சின்னவன், என்ன பேசுவது' என்று ஒதுங்க வேண்டாம்.

ஆட்டக்காரர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள் குழு ஒன்று 2008 முதல் இருக்கிறது, சிஎஸ்எம் என்பார்கள். நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் இவர்கள். மாநாட்டில் இவர்களைச் சுலபமாகப் பிடிக்கலாம். வட்டமேசையில் இடம் கிடைக்காவிட்டால் இவர்களிடம் சொல்லிவிடுங்கள், விஷயம் போய்ச் சேரும்.

பொருளாதாரம் பற்றிய பேச்சு இருந்தால் அதையும் விடாதீர்கள். 2007-இலேயே ஆட்டத்தின் சந்தையைக் கவனிக்க ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்த நிறுவனம் இது. அவர் பின்னாளில் அக்குரேரி பல்கலைக்கழகத்தின் தலைவராகப் போனார். அவரை வேலைக்கு வைத்த அடுத்த ஆண்டே, 2008-இல், ஐஸ்லாந்தின் நிஜ வங்கிகள் கவிழ்ந்தன. ஹார்ப்பா கட்டடமே அந்தச் சரிவில் பாதியில் நின்று, பிறகு அரசும் நகராட்சியும் கைகொடுத்து 2011-இல் திறந்ததுதான்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

கழுத்து அட்டையில் உங்கள் சொந்தப் பெயரோடு கேரக்டர் பெயரையும், ஆட்டத்தில் நீங்கள் சேர்ந்திருக்கும் குழுவான கார்ப்பின் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் சொந்தப் பெயரைக் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் நினைவில் வைக்க மாட்டார்கள். விளையாட்டாக ஏதோ பெயர் வைத்துவிட்டு, மூன்று நாளும் அதே பெயரால் கூப்பிடப்படுகிற கொடுமை உண்டு. என் கார்ப்பில் ஒருவர் பெயர் 'தயிர்சாதம்'. ஒரு நார்வேக்காரர் அதை உச்சரிக்கப் படாத பாடு பட்டார்.

நிறுவனத்தாரைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது, நம்மைப் போல அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வதுதான். தலைமை அதிகாரி ஹில்மர் வேய்கர் பேத்துர்சன் என்றால் பேத்துரின் மகன் ஹில்மர். எல்லாருக்கும் அவர் ஹில்மர்தான். 'சார்' போட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

பேச்சைத் தொடங்க ஒரு கேள்வி போதும்: 'எந்தப் போரில் இருந்தீர்கள்?' 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் இருபத்தோரு மணி நேரம் நடந்த சண்டையில், ஆட்டத்திலேயே மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 எரிந்தன. 2020 டிசம்பர் கடைசியில் எம்2-எக்ஸ்எஃப்இ-யில் 257. டைட்டன் ஒன்று கட்ட மாதக்கணக்கில் உழைக்க வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த எண்களின் வலி புரியும். ஒரே மேசையில் இரண்டு தரப்பும் இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், விடிய விடியக் கதை கிடைக்கும்.

ஆனால் உங்கள் ரகசியத்தை மட்டும் வாயில் போட்டுப் பூட்டிவிடுங்கள். இந்த ஆட்டத்தில் உளவும் ஏமாற்றும் விதிக்கு உட்பட்டவை. நான் இரண்டாம் நாள் இரவு ஒரு நல்ல மனிதரிடம், எங்கள் கார்ப்பின் சரக்குக் கப்பல் செவ்வாய்தோறும் ஜீட்டா சந்தைக்குக் கிளம்பும், உடாமா வழியாகப் போகும் என்று பெருமையாக அளந்துவிட்டேன். அடுத்த செவ்வாய் உடாமாவில் முப்பது கப்பல்கள் காத்திருந்தன. அவர்தான் சொன்னார் என்று அடித்துச் சொல்ல முடியாது. கார்ப்பில் நான் இன்னும் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரவு

மாநாட்டின் ஒரு மாலை மதுக்கடை உலா. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிறுவனத்தார் ஒருவர் தலைவராக நின்று, கடை கடையாக அழைத்துப் போவார். தனியாக வந்தவர்கள் இதை விடக் கூடாது. மறுநாள் காலை கூடத்தில் பத்துப் பேராவது உங்களைக் கண்டு கையசைப்பார்கள். குடிக்காதவர்களும் போகலாம். எலுமிச்சை சோடா வைத்துக்கொண்டு நின்ற என்னை யாரும் ஏன் என்று கேட்கவில்லை, பில்லைப் பார்த்துப் பொறாமைதான் பட்டார்கள். ஒரு பீர் 1,500 க்ரோனா வாக்கில் வரும், நம் காசில் ஆயிரம் ரூபாய்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 2012 மாநாட்டில், சிஎஸ்எம் தலைவராக இருந்த ஒருவர் குடித்துவிட்டு மேடையேறி, தற்கொலை எண்ணத்தில் இருந்த ஒரு ஆட்டக்காரரைக் கேலி செய்தார். அது நேரலையில் போய்க்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டார், பதவியை விட்டார், ஆட்டத்திலும் முப்பது நாள் தடை விழுந்தது. ஆட்டத்துக்குள் எவனையும் முதுகில் குத்தலாம். கூடத்துக்குள் எதிரே இருப்பது மனிதர். இந்தக் கோட்டை எல்லாரும் கறாராகவே வைத்திருக்கிறார்கள்.

கடைசி இரவுக் கொண்டாட்டத்தில் சத்தம் அதிகம். காதில் வைக்கப் பஞ்சு எடுத்துப் போங்கள்.

வயிறு

தொடர்ந்து உணவகத்தில் சாப்பிட்டால் திரும்பி வர டிக்கெட் இருக்கும், சொத்து இருக்காது. போனுஸ் என்ற மஞ்சள் கடை இருக்கிறது, வாசலில் இளஞ்சிவப்புப் பன்றி படம். அங்கே ஸ்கீர் என்று கெட்டித் தயிர் கிடைக்கும். ஃபிளாட்கோக்குர் என்று வட்டமான கம்புமாவு போன்ற நிறத்து ரொட்டி கிடைக்கும். சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, அங்கங்கே கருகி இருக்கும். அதற்கும் ஊறுகாய்க்கும் பொருத்தம் பார்த்தேன், பத்துக்கு எட்டு.

அசைவக்காரர்கள் ஹார்ப்பாவிலிருந்து ஐந்து நிமிட நடையில் 1937 முதல் இருக்கிற பேயரின்ஸ் பெஸ்து வண்டிக்கடையில் ஹாட்டாக் வாங்கலாம். ஆட்டுக்கறியோடு மாடும் பன்றியும் கலந்திருக்கும், தவிர்ப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாள் கூடுதலாக

மாநாடு முடிந்த மறுநாளே விமானம் ஏறாதீர்கள். பழைய துறைமுகத்தின் கரையோடு கிராந்தி பக்கமாக நடந்தால் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. 2014 மாநாட்டின்போது திறந்தது. அதன் அடிப்பீடத்தில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களின் பெயர்கள் பொடிப்பொடியாகப் பொறித்திருக்கும். கீழே புதைத்திருக்கும் பேழையை 2039-இல் திறப்பார்களாம். என் பெயர் இல்லை, நான் அப்போது ஆடவில்லை. ஒரு தாத்தா குனிந்து, விரலை நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தார். அவர் பெயரா என்று கேட்டேன். இல்லை, ஃபிளீட்டில் அவரோடு பறந்த ஒருவருடைய பெயர். ஆள் இப்போது இல்லை என்றார். இரண்டு பேரும் சேர்ந்து தேடி, இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்தோம்.

அப்புறம் நகரத்து நீச்சல் குளம் ஒன்றுக்குப் போங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புகழ்பெற்ற நீலக் குளம் விலை அதிகம், 2023 கடைசியிலிருந்து அந்தப் பக்கம் எரிமலை வெடித்து வெடித்து அவ்வப்போது மூடவும் செய்திருக்கிறார்கள். நகரத்துக் குளத்திலும் வெந்நீர்தான், பத்தில் ஒரு பங்கு காசு. ஒரே நிபந்தனை, இறங்கும் முன் பொதுக் குளியலறையில் துணியே இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைதான், ஆனால் விலக்கு கிடையாது. சுவரில் எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று படமே போட்டிருப்பார்கள். முதல் இரண்டு நிமிஷம் கஷ்டம். பிறகு வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஊர் திரும்பிய வாரமே, சந்தித்தவர்களை ஆட்டத்தில் நண்பர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெயர் மறந்துவிடும். நான் சேர்த்த ஒருவர் பத்து நாள் கழித்து நான் தனியாகக் கல் உடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். அரட்டைப் பெட்டியில் ஓ என்ற எழுத்தும் ஏழும் சேர்ந்த அந்த சல்யூட் அடித்தார். 'எலுமிச்சை சோடாதானே நீ?' என்றார். ஆமாம் என்று நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் என் கப்பல் வெடித்தது.